மலை எதற்கு?

அன்புள்ள மலர்விழிக்கு,

எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைவிட, எங்கே நின்று பார்க்கப் போகிறாய் என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் உனக்கே புரியும்.

ஜேம்ஸ் லிக் பியானோ செய்து விற்றவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் நிலம் வாங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். உலகிலேயே ஆற்றல்மிக்க தொலைநோக்கி அமைய வேண்டும் என்று 7 லட்சம் டாலர் ஒதுக்கினார். அந்நாளில் வானாய்வகங்கள் பெரும்பாலும் ஊருக்குள்தான் இருந்தன. இதுவோ சான் ஹோசே நகருக்குக் கிழக்கே, ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில், ஹாமில்டன் மலையுச்சியில் எழுந்தது. ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கி வேலை பார்த்த முதல் மலையுச்சி வானாய்வகம் அது. பாரவண்டி இழுக்கும் குதிரைகள் திணறாமல் ஏறுவதற்காக, வளைந்து வளைந்து செல்லும் சாலை போட்டார்கள். 1888-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. 1876-லேயே காலமாகிவிட்ட லிக்கின் உடல், அந்தப் பெரிய தொலைநோக்கியின் தூணுக்கு அடியில்தான் இருக்கிறது.

மலையேறினால் நட்சத்திரம் பக்கத்தில் வந்துவிடாது. தொல்லை காற்றில் இருக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது, ஒளி நொடிக்கு நொடி திசை விலகுகிறது. நட்சத்திரம் மின்னுவது அதனால்தான். பெரிதாக்கும் கருவி அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். உச்சிக்குப் போனால் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் காற்றும் பெரும்பாலும் புரளாமல் சீராக வருகிறது.

பலன் சீக்கிரமே கிடைத்தது. 1892 செப்டம்பர் 9 அன்று எட்வர்ட் பர்னார்ட் அங்கிருந்த 36 அங்குல லென்ஸ் வழியே பார்த்து, வியாழனின் கண்கூசும் ஒளிக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளியைக் கண்டுபிடித்தார். அது வியாழனின் ஐந்தாவது நிலா. முதல் நான்கையும் கலிலியோ 1610-லேயே பார்த்துவிட்டார். அதன்பின் ஐந்தாவது அகப்பட 282 ஆண்டுகள் ஆயின.

இன்றிரவு நீயே சோதித்துப் பார். தலைக்கு மேலிருக்கும் நட்சத்திரத்தையும் அடிவானத்துக்கு அருகிலிருப்பதையும் ஒப்பிடு. கீழே இருப்பதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் கூடுதலாக மின்னும். மொட்டைமாடியில் நிற்காதே, பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தளம் இரவு வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தெருவிளக்கு எட்டாத புல்தரை கிடைத்தால் நல்லது.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடு. கருவியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா