எங்கிருந்து வந்தது? அம்மா பணம் திரும்பிப் போனதும் ஒரு கச்சேரி பிறந்ததும்

கேள்வி: ஜெர்மனியில் இயந்திரவியல் படிக்கும் என் மகள், அங்கே பல்கலைக்கழகத்தில் பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் பரோக் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். வேறு பாடம் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம் கச்சேரி நடத்தும் இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள்? (வாசகர், திருச்சி)

பல்கலைக்கழகம் தொடங்கவில்லை ஐயா. மாணவர்களே தொடங்கினார்கள். அந்தக் குழுக்களில் பேர்பெற்றதை அமைத்தவன், உங்கள் மகளைப் போலவே வேறு பாடம் படிக்க வந்த ஒரு பையன். ஜார்ஜ் பிலிப் டெலமன் 1701இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்க வந்தார். பாட்டு சோறு போடாது என்ற கவலை அந்த ஊர் அம்மாக்களுக்கும் உண்டு. இசையை விட்டுவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, வாத்தியங்களையும் எழுதி வைத்திருந்த தாள்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆனால் ஒன்று மட்டும் மூட்டைக்குள் கூடவே வந்துவிட்டது. பைபிளின் ஆறாம் சங்கீதத்துக்கு அவர் அமைத்திருந்த இசை அது. அறைத் தோழன் கண்ணில் பட்டது. அடுத்த ஞாயிறே ஊரின் முக்கியக் கோயில்களில் ஒன்றான தூய தாமஸ் ஆலயத்தில் பாடிவிட்டார்கள். நகரத் தலைவர் கூப்பிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு பாடல் எழுதித் தரச் சொல்லிச் சன்மானமும் பேசிவிட்டார். டெலமன் அம்மா அனுப்பியிருந்த பணத்தைத் திருப்பி அனுப்பி, நிலைமையை விளக்கி, மனம் மாறும்படி எழுதினார். பதிலுக்கு ஆசீர்வாதம் வந்தது. உலகத்தில் திருப்பி அனுப்பிய பணத்திலேயே அதிக லாபம் கொடுத்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

1702இல் அவர் சக மாணவர்களைச் சேர்த்து ‘கொலீஜியம் மியூசிகம்’ என்ற குழுவை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 21. பல சமயங்களில் நாற்பது மாணவர்கள் வரை கூடியதாக அவரே எழுதியிருக்கிறார். மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை, நாற்பது பேர்! தாமஸ் ஆலயத்தின் இசைப் பொறுப்பாளர் யோஹான் கூனாவ், கோயிலில் பாட வேண்டிய மாணவர்களெல்லாம் டெலமன் பக்கம் ஓடுகிறார்கள் என்று நகர சபையிடம் முறையிட்டார். அந்த முறையீட்டைக் கூட்டம் வந்ததற்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுதியில் முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்: பெரிய விஷயங்களில் பாதியை மாணவர்கள் பாட நேரத்துக்கு வெளியேதான் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து லைப்சிக் மாணவர்களில் ஹைனிகன் என்பவரும் சட்டம்தான் படித்தார். பின்னாளில் டிரெஸ்டன் அரசவை இசையமைப்பாளர் ஆனார். டெலமன் தொடங்கிய குழுவில் வயலின் வாசித்த பிசெண்டல், அதே அரசவை இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞர் ஆனார்.

நடுவில் வந்த பொறுப்பாளர்களைத் தாண்டி நேராக 1729க்குப் போய்விடலாம். அந்த ஆண்டு டெலமனின் மாணவர் குழுவை ஏற்றுக்கொண்டவர் யோஹான் செபாஸ்டியன் பாக். கூனாவுக்குப் பிறகு தாமஸ் ஆலயப் பொறுப்புக்கு வந்தவரும் இவர்தான். முன்னவர் யாரைப் பற்றிப் புகார் செய்தாரோ, அந்தக் குழுவையே பின்னவர் நடத்தினார். இடம், காத்தரினன் தெருவில் காட்ஃபிரீட் சிம்மர்மன் என்பவரின் காபிக் கடை. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு முதல் பத்து வரை. கோடையில் புதன்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை, ஊருக்கு வெளியே இருந்த அவருடைய தோட்டத்தில். வணிகச் சந்தை கூடும் வாரங்களில் இரண்டு நாள். கேட்க வந்தவர்களிடம் சிம்மர்மன் கட்டணம் வாங்கவில்லை. காபி விற்ற காசே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

1733 பிப்ரவரியில் நாட்டை ஆண்ட இளவரசர் இறந்தார். துக்கம் காக்க இசை முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஜூன் 17ஆம் தேதி மறுபடி தொடங்கியபோது, உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது: இந்த ஊரில் இதுவரை கேட்டிராத புது ஹார்ப்சிகார்டு (கம்பிகள் கொண்ட விசைப்பலகை வாத்தியம்) ஒன்று தோட்டத்தில் வாசிக்கப்படும். நான்கு மாதம் பட்டினி கிடந்த ரசிகர்களுக்குப் புது வாத்தியம் என்றால் கேட்க வேண்டுமா!

அடுத்த கட்டம் சுருக்கமானது. 1743இல் லைப்சிக் பிரபுக்களும் வணிகர்களுமாக 16 பேர் பணம் போட்டு ஒரு கச்சேரி சங்கம் தொடங்கினார்கள். அது 1781இல் துணி வியாபாரிகளின் மண்டபத்துக்குக் குடிபோய், இன்றைய கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவாக வளர்ந்தது. வாராவாரம் உட்கார்ந்து இசை கேட்கும் பழக்கத்தை அந்த ஊருக்கு ஊட்டியவர்கள் மாணவர்கள். 1908இல் பேராசிரியர் ஹூகோ ரீமன் அதே லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பழைய பெயரிலேயே குழு ஒன்றை நிறுவினார். மாணவர்களின் வழக்கத்துக்குப் பல்கலைக்கழகமே கையெழுத்துப் போட்டது அப்போதுதான். 1940களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித், பழைய வாத்தியங்களை மாணவர்கள் கையில் கொடுத்து வாசிக்க வைத்தார். உங்கள் மகளின் குழு அந்த வரிசையில் வருகிறது.

கேள்வி: காபியைப் பற்றி பாக் எழுதிய நாடகப் பாடல், அந்தக் கடைக்காரருக்காகச் செய்த விளம்பரம் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, கோவை)

இல்லை. இந்தக் கதையை இன்றோடு அடக்கம் செய்துவிடலாம். அந்தப் பாட்டுக்கு வரிகள் எழுதியவர் பிக்காண்டர் என்ற புனைபெயர் கொண்ட தபால் துறை ஊழியர். வரிகள் 1732லேயே அச்சாகிவிட்டன. பாக் இசையமைத்தது சுமார் 1734இல். கடைக்காரர் சொல்லி எழுதிய விளம்பரம் இரண்டு வருடம் முன்னதாகவே புத்தகத்தில் வந்துவிடுமா?

கதையைக் கேளுங்கள். ஒரு பெண் தினம் மூன்று வேளை காபி குடிக்கிறாள். நிறுத்தாவிட்டால் கல்யாணம் கிடையாது என்கிறார் அப்பா. சரி என்று தலையாட்டிவிட்டு, தன்னைக் காபி குடிக்க விடுகிறவனையே கட்டுவேன், அதைக் கல்யாண ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று ரகசியமாக ஏற்பாடு செய்துவிடுகிறாள். பிக்காண்டரின் அச்சுப் பிரதியில் இந்தத் தந்திரம் இல்லை. பாக் இசையமைத்த வடிவில்தான் சேர்ந்தது. அந்த மகளை ஜெயிக்க வைத்ததற்காகவே பாக் மீது எனக்குக் கூடுதல் மரியாதை.

கேள்வி: அப்படியானால் அந்தக் கடையில் கொடுத்தது ஃபில்டர் காபியா? (வாசகர், கும்பகோணம்)

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். காகித வடிகட்டியைச் சொல்கிறீர்கள் என்றால், அது பாக் காலத்தில் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவர் மெலிட்டா பென்ட்ஸ். டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி. ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்து, காபியை வடித்தார். 1908இல் அதற்கு உரிமப் பதிவும் பெற்றார். அதே 1908இல்தான் லைப்சிக்கில் மாணவர் குழு மறுபடி முளைத்தது. கவனியுங்கள்: இங்கேயும் ஒரு மாணவனின் நோட்டு தேவைப்பட்டிருக்கிறது!

கேள்வி: பரோக் கச்சேரியில் ஏன் ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் இவ்வளவு நேரம் சுருதி சேர்க்கிறார்கள்? அதுவும் சுருதி தாழ்வாக இருக்கிறதே? (வாசகர், சென்னை)

வயலினில் உலோகத் தந்தி இருக்காது. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு. பூனைக் குடல் என்று பலர் நம்புகிறார்கள். பூனைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடல் நரம்பு காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும், விளக்கின் சூட்டில் காயும். அரங்கு நிறைந்து ஆட்கள் மூச்சுவிட விடச் சுருதி நகர்ந்துகொண்டே போகும். ஹார்ப்சிகார்டில் நூறுக்கு மேல் கம்பிகள். பல மாணவர் குழுக்களில் அதை வாசிப்பவரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இடைவேளையில் எல்லாரும் வெளியே போன பிறகு ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு கைத்தட்டல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த சுருதிக்கு வருவோம். இன்றைய மேற்கத்திய இசைக்குழுக்களின் பொது அளவு 440 ஹெர்ட்ஸ். 1939இல் லண்டனில் கூடி முடிவு செய்தது. பரோக் குழுக்கள் 415இல் வாசிக்கின்றன. நம் கணக்கில் அரைக் கட்டை குறைவு. பாக் காலத்தில் எல்லாரும் 415இல்தான் வாசித்தார்கள் என்பது தவறு. ஊருக்கு ஒரு சுருதி இருந்தது. பாரிஸ் ஆப்பராவில் சுமார் 392. ஜெர்மன் கோயில் ஆர்கன்கள் சுமார் 465. லைப்சிக்கில் ஒரே கட்டடத்துக்குள் ஆர்கனுக்கு ஒரு சுருதி, மற்ற வாத்தியங்களுக்கு அதைவிட ஒரு கட்டை தாழ்ந்த சுருதி. அதனால் பாக் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு கட்டை இறக்கித் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 415 என்பது அந்தப் பல அளவுகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் நம் காலத்தவர் ஒப்புக்கொண்ட வசதி. ஹார்ப்சிகார்டின் விசைப்பலகையை ஒரே ஒரு விசை அளவு பக்கவாட்டில் நகர்த்தினால் 415லிருந்து 440க்குப் போய்விடலாம். தச்சரின் யோசனை வரலாற்றுக்குக் கைகொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அல்பினோனியின் ‘அடாஜியோ’ கேட்டு அழுதேன். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். (வாசகி, நாகர்கோவில்)

அழுதது வீண் போகவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அது 1958இல் அச்சான இசை. எழுதியவர் ரெமோ ஜாட்சோட்டோ என்ற இத்தாலிய இசை அறிஞர். அல்பினோனி வெனிஸ்காரர், 1751இலேயே காலமானவர். அவருடைய சிறு துண்டு ஒன்றை வைத்துக் கட்டியதாக ஜாட்சோட்டோ முதலில் சொன்னார். பிறகு முழுவதும் தன்னுடையதே என்றார். பரோக் பெயரில் உலகத்தை அதிகம் அழவைத்த இசை, தொலைக்காட்சி வந்த பிறகு பிறந்தது! உண்மையான அல்பினோனி வேண்டும் என்றால் அவருடைய ஓபோ கான்செர்ட்டோக்களைக் கேளுங்கள். மாணவர் குழுக்கள் அவற்றைத் துணிந்து நிகழ்ச்சியில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் பெரிய குழுக்களைவிட அவர்கள் நேர்மையானவர்கள் என்பது என் தீர்ப்பு.

கேள்வி: அடுத்த மாதம் மகனைப் பார்க்க வெளிநாடு போகிறேன். அவன் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கச்சேரி இருக்கிறது. எனக்கு மேற்கத்திய இசை தெரியாது. எதைக் கவனிப்பது? (வாசகர், மதுரை)

மூன்று விஷயம். முதலில், கோல் ஆட்டும் நடத்துனரைத் தேடாதீர்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார். பிரான்சில் லுல்லி என்பவர் 1687இல் பெரிய கழியால் தரையில் தட்டித் தாளம் போடும்போது தன் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் அழுகி, இரண்டு மாதம் கழித்து இறந்தார். இந்தக் கதை உண்மை. சிறிய குழுவில் அந்த ஆபத்து இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லைத் தூக்குவதைப் பாருங்கள், அதுதான் ஆணை.

இரண்டாவது, ஹார்ப்சிகார்டுக்காரர் முன்னால் இருக்கும் தாள். இடது கைக்கு உரிய ஒற்றை வரி மட்டும் எழுதியிருக்கும், அங்கங்கே சில எண்கள் போட்டிருக்கும். எந்தச் சுரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு அந்த எண்கள் குறிப்பு. மீதியை அவர் அங்கேயே கற்பனை செய்து நிரப்புகிறார். மனோதர்மம் தெரிந்த மதுரைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தவறு நடக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காதீர்கள், காதைக் கொடுங்கள். ஒருவர் தடுமாறினால் செல்லோ எப்படித் தாங்கிப் பிடிக்கிறது, அடுத்த இரண்டு தாளத்தில் எல்லாரும் எப்படிச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று கேளுங்கள். கூடி வாசிப்பது என்றால் என்ன என்பது அங்கேதான் புரியும். பழுத்த வித்வான்கள் அதை மறைத்துவிடுவார்கள்.

மாணவர் கச்சேரிகளுக்குப் பல ஊர்களில் கட்டணம் கிடையாது. போய் முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் மேடை அருகே போய், வாசித்த பிள்ளைகளிடம் நன்றாக இருந்தது என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அவர்களுக்கு வேறு சம்பளம் இல்லை.