பீஷ்மரான தசரதர்

நவராத்திரி முடிந்ததும் உடைந்த கொலுப் பொம்மைகள் அவிநாசிக் குளக்கரையில் கிடப்பதைக் காண்கிறோம். பாரிஸ் சாந்து நீரில் எளிதில் கரைவதன்று. ஆதலின், அவற்றைத் தொலைக்காட்சிப் பாத்திரங்களாக மாற்றும் முறையை இங்கு விளக்குவேன்.

தாடை சிதைந்த தசரதர் பொம்மையை எடுத்துக்கொண்டேன். 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷன் ஒளிபரப்பிய பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் முகேஷ் கன்னா ஏற்ற பீஷ்மரே என் மாதிரி. ஒரு சாண் உருவில் நடிகரின் முகச்சாயல் வருவது அரிது. நீண்ட வெண்தாடியும் வெண்ணிற ஆடையுமே அவரை அடையாளம் காட்டும்.

ஜிப்சத்தைச் சூடாக்கி, அதன் படிக நீரில் முக்கால் பங்கை நீக்கினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. நீர் சேர்ந்ததும் அது மீண்டும் ஜிப்சமாகி இறுகும். உலர்ந்த பழைய பரப்பு அந்நீரை உறிஞ்சிவிட்டால் ஒட்டிய தாடி உதிரும். எனவே, ஒட்டுமிடத்தை முதலில் நனைத்துச் சுரண்டுக. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் தூசி பறக்கலாகாது. சாந்து இறுக அரைமணி போதும். உலரவோ சில நாள் வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய வர்ணம் உரிந்துவிடும்.

நல்ல நிலையிலுள்ள பழம்பொம்மையில் கை வைத்தல் தகாது. அதை வனைந்தவரின் உழைப்பு அதில் இருக்கிறது. உடைந்ததற்கு உயிரூட்டுவதே நம் வேலை.