கொல்லையில் அஞ்சு கோழி – வீட்டுக்கு முட்டை, கைக்குக் காசு



"கோழி வளர்க்கக் கடன் வாங்கினேன். ஒரே வாரத்துல பூராவும் கழிச்சல்ல போச்சுங்க. தவணை மட்டும் நிக்குது." பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துல ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிச் சொன்னார். அவர் சொன்னதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

சிறிதாகத் தொடங்குங்க

முதலில் 5 பெட்டைக்கோழி, 1 சேவல் போதும். ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 50, 60 முட்டைதான் இடும். 50 என்றே வைத்தாலும் 5 கோழிக்கு 250 முட்டை. அதில் 100 முட்டையை அடை வைத்தால் மீதி 150, அதாவது வாரத்துக்கு 3 முட்டை. இந்த மூணும் சந்தைக்கு இல்லை. வீட்டில் இருக்கிற சின்னக் குழந்தைக்கும், வயசுப் பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும்தான். ஒரு முட்டையில் 5 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கு. முட்டையை விற்று அந்தக் காசில் பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கினால் நட்டம் நமக்குத்தான். அடையில் பொரித்து வளர்கிற சேவல்களை விற்றால் கைக்குக் காசு வரும்.

தீனிச் செலவு

அடுப்படிக் கழிவு, கீரைத்தண்டு, தவிடு, உடைந்த கம்பு, சோளம் இவையே பாதித் தீனி. கரையானையும் நாமே பிடிக்கலாம். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்க. விடிந்து பார்த்தால் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு இது நல்ல புரதம்.

அடை வைக்கும்போது

ஒரு கோழிக்கு 10 முட்டை போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்க. உள்ளே ரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கு. தெரியாததை எடுத்து விடுங்க, இல்லாவிட்டால் கூமுட்டையாகிவிடும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் சில வாரம் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் போட்டு மூடினால் பருந்துக்கும் கீரிக்கும் தப்பும்.

வெள்ளைக்கழிச்சல்: வந்த பின் மருந்தில்லை

அந்த அக்காவின் கோழிகளைக் கொண்டு போனது இந்த நோய்தான். இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகும். ஒன்றுக்கு வந்தால் கொல்லை முழுக்கப் பரவும். வந்த பின் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

- குஞ்சு பொரித்த 7-ஆம் நாள்: கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து.
- 8-ஆவது வாரம்: இறக்கையில் தடுப்பூசி.
- பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் இருவார முகாமைத் தவற விடாதீங்க.
- தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி மாதிரிக் கொடுக்கும் குருணை மருந்தும் உருவாக்கியிருக்கு. மருந்தகத்தில் கேளுங்க.

நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளாதீங்க. அது இன்னொரு சகோதரியின் கொல்லைக்கு நோயை அனுப்புவதுதான். செத்த கோழியைப் பள்ளத்தில் வீசாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்க.

ஈமு கற்றுத் தந்த பாடம்

நம்ம கொங்கு நாட்டில் பெருந்துறையில் 2012-இல் நடந்தது நினைவிருக்கா? "ஈமு கோழி வளருங்க, மாதாமாதம் பணம் தருகிறோம்" என்றதை நம்பி ஆயிரக்கணக்கானோர் லட்சக்கணக்கில் கட்டினார்கள். கம்பெனி மூடியது. ஈமுவை வாங்க ஆளில்லை. நாட்டுக்கோழியை யாரும் வாங்காவிட்டாலும் நம்ம வீட்டுக் குழம்புக்காவது ஆகும். "குஞ்சும் தருகிறோம், திருப்பியும் வாங்குகிறோம், முதலில் பணம் கட்டுங்க" என்று யார் வந்தாலும், குழுவில் பேசாமல் கையெழுத்துப் போடாதீங்க.

பயிற்சி வேண்டுவோர் சரவணம்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும், காரமடை விவேகானந்தபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம்ம குழுவில் எத்தனை வீட்டுக் கோழிக்குத் தடுப்பூசி போட்டிருக்கு?
2. போன வாரம் நம்ம பிள்ளைகள் எத்தனை முட்டை சாப்பிட்டார்கள்?
3. ஊர்க் கோழிகளையெல்லாம் ஒரே நாளில் சேர்த்து ஊசி போட யார் பொறுப்பு எடுப்பது?

மூணாவது கேள்விக்கு ஒரு பேரை எழுதாமல் கூட்டத்தை முடிக்காதீங்க.