ஐஸ் கட்டியின் நடுவே வெண்மை ஏன்?



சித்திரை வெயிலில் போடி கடைத்தெருவில் சர்பத் வண்டியருகே நின்றிருப்பீர்கள். மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாளத்தைக் கடைக்காரர் வெளியே எடுக்கும்போது கவனித்ததுண்டா? ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நடுப்பகுதியோ பஞ்சுபோல் வெளுத்திருக்கும். தண்ணீர் ஒன்றுதானே, தோற்றம் மட்டும் ஏன் இரண்டு?

தண்ணீரில் காற்று கரைந்துள்ளது. அதைக் கொண்டே மீன்கள் சுவாசிக்கின்றன. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்கான படிகமாக அமைகின்றன. அப்படிகத்தில் காற்றுக்கு இடமில்லை. எனவே காற்று, இன்னும் உறையாத நீருக்குள் தள்ளப்படுகிறது.

ஐஸ் தொழிற்சாலையில் நீர் நிரப்பிய உலோகப் பெட்டிகளைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் இறக்கி வைப்பார்கள். நீர் ஓரங்களிலிருந்து உள்நோக்கி உறையும். தப்பிக்க வழியின்றி நடுவில் சிறைப்பட்ட காற்று நுண்குமிழ்களாகிறது. அக்குமிழ்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. ஏலமலைக்கு அப்பால் மூணாற்றுப் பகுதியில் ஜனவரியில் புல்மேல் படியும் உறைபனி வெளுத்திருப்பதும் ஒளிச்சிதறலால்தான். அங்கே சிதறடிப்பவை நுண்படிகங்கள்.

குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து கீழாகவே உறைகின்றன. காற்று கீழுள்ள நீருக்குள் விலகிவிடுவதால் பனிக்கட்டி தெளிவாக அமைகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வெட்டிய அத்தகைய பனிக்கட்டியைப் பிரடெரிக் டூடர் என்னும் வணிகர் 1833-இல் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். மூடியில்லாத தெர்மாகோல் பெட்டியில் நீர் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். பக்கங்களில் குளிர் எளிதில் நுழையாததால் நீர் மேலிருந்து உறையும். அடிப்பகுதி உறையுமுன் எடுத்தால் தெளிந்த பனிக்கட்டி கிடைக்கும்.

ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு! குளிரில் எல்லாக் கிருமிகளும் மடிவதில்லை. அசுத்த நீரில் செய்த ஐஸ் எவ்வளவு பளபளத்தாலும் வாந்திபேதியும் மஞ்சள் காமாலையும் தரக்கூடும். மீன் முதலியவற்றைப் பாதுகாக்கும் ஐஸ் உண்பதற்கன்று. அதை அடையாளம் காண நீலநிறம் சேர்க்க வேண்டுமென 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது.

எனவே தோழியரே, சர்பத் டம்ளரைக் கையில் வாங்குமுன் ஐஸின் அழகைப் பாராதீர். அது எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று கேளுங்கள்!