பன்னிரண்டு மணிக்குப் பசிக்க வேண்டும்

அன்புள்ள வித்யா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் ஆறு நாளில் ஒன்பது ஊரா? நீயும் மாப்பிள்ளையும் சாப்பிடப் போகிறீர்களா, தேர்தல் பிரசாரத்துக்கா? முதலில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு.

பெரிகோர் பக்கம் போங்கள். தோர்தோன் ஆற்றுக்குக் கொஞ்சம் வடக்கே சார்லா என்ற ஊர். அதன் பக்கத்தில் ஒரே வீட்டை ஆறு நாளைக்கு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அங்கே புதன், சனி காலைகளில் சந்தை. பழைய தேவாலயம் ஒன்றையும் மூடிய சந்தையாக்கி, ழான் நூவெல் என்ற கட்டடக் கலைஞர் அதற்குப் பிரம்மாண்டமான இரும்புக் கதவுகள் வைத்திருக்கிறார். நீ கதவைப் படம் பிடித்துக்கொண்டே நிற்பாய், எனக்குத் தெரியும். அதற்குள் நல்ல பாலாடைக்கட்டி தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் முதலில் "போன்ழூர்" சொல், விலையை அப்புறம் கேள். நேரே விலை கேட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு.

"ஊர் சுற்றிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிட்டுக்கொள்கிறோமே" என்பாய். சாப்பிட முடியாதடி! கிராமத்து உணவகங்களில் பன்னிரண்டுக்கு அடுப்பு சூடானால் இரண்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் திறப்பதே இல்லை. சனிக்கிழமைச் சந்தையிலேயே ரொட்டியும், ரொக்கமதூர் என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் கட்டியும், வால்நட்டும் வாங்கி வைத்துக்கொள். மதியம் அன்றன்றைக்குப் பலகையில் எழுதியிருக்கும் சாப்பாட்டையே கேளுங்கள். ராத்திரி விலையைவிடக் குறைவு. குழாய்த் தண்ணீர் கேட்டால் ஜாடியில் காசில்லாமல் வரும். பாட்டில் தண்ணீர் வாங்கி ஏமாறாதே.

வாத்துக் கால் கோன்ஃபி கட்டாயம் சாப்பிடுங்கள். உப்பில் ஊறவைத்து, வாத்தின் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, அதே கொழுப்பில் மூடி வைப்பது. குளிர்பெட்டி இல்லாத காலத்து யோசனை. உப்புக்கண்டம் போட்ட நம் பாட்டிக்குச் சொன்னால் உடனே புரிந்திருக்கும். அந்தக் கொழுப்பிலேயே பூண்டு சேர்த்து முறுக வறுத்த உருளைக்கிழங்கும் கூட வரும். மாப்பிள்ளை காரமில்லை என்பார். கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தாயோ, என் முகத்தில் விழிக்காதே! முதல் மூன்று வாயாவது சும்மா சாப்பிடட்டும்.

ஃபுவா கிரா பற்றிக் கேட்டிருந்தாய். வாத்தின் தொண்டையில் குழாய் விட்டுத் தீனியைத் திணித்துப் பெருக்கவைத்த ஈரல் அது. நான் ஒருமுறை சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். இரண்டாம் முறை கேட்கவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் அறையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், மேசையில் சண்டை வேண்டாம்.

உன் வியாழக்கிழமை விரதமும் நினைவிருக்கிறது. பூண்டு சூப்தானே என்று தூரேன் கேட்டுவிடாதே, பூண்டை வாத்துக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். அன்றைக்கு வால்நட் எண்ணெய் விட்ட கீரை சாலட்டும் பாலாடைக்கட்டியும் போதும். ட்ரஃபில் காளான் போட்ட ஆம்லெட் என்று மயங்காதே. முட்டையை விடு, பெரிகோரின் கறுப்பு ட்ரஃபிலுக்குக் குளிர்காலம்தான் பருவம், நீ போவதோ ஜூனில். கோடையில் கிடைப்பது வேறு ரகம், மணமும் குறைவு.

இன்னொன்று. பக்கத்து மேசைத் தாத்தா சூப்பின் கடைசி மிச்சத்தில் சிவப்பு வைனை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தால் வாயைப் பிளக்காதே. ஷப்ரோல் என்பார்கள். இலையில் ரசத்தைக் கையால் அள்ளிக் குடிக்கும் நாம் சிரிக்கக்கூடாது. மாப்பிள்ளை உடனே தானும் செய்து பார்ப்பார். அன்றைக்கு மட்டும் அந்த வெள்ளைச் சட்டையைப் போடவிடாதே.

அன்புடன்,
உன் பெரியம்மா