மண்டையோடு கூறுவதும் கூறாததும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டார் வழக்கு. அச்சிரசைத் தாங்கும் எலும்புக் கூட்டினையோ நாம் அச்சத்தோடு மட்டும் நோக்கப் பழகியிருக்கின்றோம். சுடுகாட்டின் அடையாளமாகவும், மின்கம்பத்தில் மாட்டிய அபாயப் பலகையின் சித்திரமாகவும் அன்றி அது நம் கண்ணிற் படுவது அரிது. கூர்ந்து நோக்குவார்க்கு மண்டையோடு பல செய்திகளைக் கூறும். அது கூறாத சொற்களை அதன் வாயில் இட்டுரைத்தோரும் உளர். இவ்விரண்டையும் பிரித்தறிதலே ஈண்டு யாம் மேற்கொண்ட பணி.

மண்டையோடு என ஒருமையிற் சொல்லினும் அஃது ஓர் எலும்பன்று. 22 எலும்புகளின் கூட்டு. மூளையைச் சூழ்ந்து காப்பன 8. முகத்திற்கு உருவளிப்பன 14. செவிக்குள் அமைந்த 6 சிற்றெலும்புகளும், நாவின் அடியில் நிற்கும் எலும்பும் இக்கணக்கிற் சேரா. மூளையைக் காக்கும் எட்டனுள், முன்னே நிற்பது நெற்றி எலும்பு; கூரையின் இரு சரிவுபோல் மேலே கவிந்தவை உச்சி எலும்புகள் இரண்டு; செவிகளைச் சூழ்ந்தவை கன்னப்பொறி எலும்புகள் இரண்டு; பின்னே இருப்பது பிடரி எலும்பு. நெற்றி, உச்சி, பொறி, பிடரி என்னும் சொற்கள் யாவும் நம் வீட்டிலும் வீதியிலும் வழங்குவனவே. எஞ்சிய இரண்டும் பெரும்பாலும் உள்ளே மறைந்து கிடத்தலின் மக்கள் வழக்கிற் பெயர் பெறவில்லை. கிரேக்கர் ஒன்றனை ஆப்பு என்றும் மற்றொன்றனைச் சல்லடை என்றும் உவமையாற் பெயரிட்டனர். நாமும் அவ்வாறே ஆப்பெலும்பு, சல்லடை எலும்பு என்று கொள்ளலாம். பூவிருந்தவல்லி என ஊர்ப்பெயரிலேயே பூவைச் சூடிய எம் பகுதியார் சல்லடை எலும்பிற்குச் சிறப்பாகக் கடமைப்பட்டவர்கள். மணம் அறியும் நரம்பிழைகள் மூக்கின் மேற்புறத்திலிருந்து அதன் நுண்டுளைகள் வழியாகவே மூளைக்குச் செல்கின்றன.

இத்தகைய நூல் தமிழில் ஓத இயலுமோ என்று ஐயுறுவார், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரின் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-லேயே வெளிவந்தமையை நினைவாராக.

எலும்புகள் ஒன்றோடொன்று சேருமிடம் காணத்தக்கது. தச்சர் பலகைகளைப் பல்வெட்டி இணைப்பதுபோல, ஓரெலும்பின் பற்கள் மற்றோரெலும்பின் பற்களுக்கிடையே நுழைந்து பற்றிக்கொள்கின்றன. பிறந்த குழவிக்கு இப்பற்கள் இல்லை. எலும்புகளுக்கிடையே சவ்வே உள்ளது. பிறப்பின்போது அவ்வெலும்புகள் சிறிதே ஒன்றன்மேலொன்று ஏறித் தலையைக் குறுக்கி வழிவிடுகின்றன. பின்னர் வளரும் மூளைக்கு விலகி இடமளிக்கின்றன. நெற்றியும் உச்சியும் கூடும் இடத்தில் உள்ள சவ்வே தாய்மார் உச்சிக்குழி என்பது. பிடரிப்பக்கத்துச் சிறுகுழி இரண்டு மூன்று திங்களில் மூடும்; உச்சிக்குழியோ பெரும்பாலும் ஒன்றரை யாண்டளவில் மூடும். பேதியால் உடலின் நீர் வற்றிய குழவிக்கு அக்குழி பள்ளமாகும். அழாது அமைதியாயிருக்கும்போதும் அது புடைத்து நிற்குமாயின் தலையினுள் அழுத்தம் மிகுந்ததென்று ஐயுறல் வேண்டும். இவ்விரண்டிற்கும் எண்ணெய் தடவிக் காத்திருப்பது மருந்தன்று. மருத்துவரிடம் விரைதலே முறை. தலையை உருண்டையாக்குகின்றோம் என்று நீராட்டும்போது அழுத்திப் பிசையும் வழக்கத்தையும் எம்மாற் போற்ற இயலவில்லை.

வளர்ந்தோர்க்கும் ஓரிடம் வலிவற்றது. கண்ணின் கடைக்கும் செவிக்கும் இடையில், நெற்றி, உச்சி, பொறி, ஆப்பு என்னும் நான்கெலும்புகளும் கூடும் இடத்தில் ஓடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தே குருதிக்குழாய் ஒன்று செல்கின்றது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்து குழாய் கிழியின், குருதி ஓட்டிற்கும் மூளையுறைக்கும் இடையே தேங்கி மூளையை நெருக்கும். அடியுண்டவர் முதலில் எழுந்து தெளிவாகப் பேசுதலும் உண்டு. சில மணி நேரத்தின்பின் நினைவிழப்பார். ஆதலின் 'நன்றாகத்தானே பேசினார்' என்று வீட்டில் உறங்கவிடுதல் தகாது. அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளை நோக்கி விடியலில் இருசக்கர வண்டியில் விரைவோருட் சிலர் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிச் செல்வதை யாம் நாள்தோறும் காண்கின்றோம். முழங்கை மீது அவர்க்கு அத்துணை அன்பு!

முகத்தெலும்புகளை ஒவ்வொன்றாக விரிப்பின் கட்டுரை பெருகும். அவற்றுள் அசைவது கீழ்த்தாடை ஒன்றே என்பதும், மூக்கிற்கு மேற்பாதியிலன்றி எலும்பில்லை, நுனியெல்லாம் குருத்தே என்பதும் ஈண்டுப் போதும்.

இனி, மாண்டு நெடுங்காலமானவரின் மண்டையோடு என்ன கூறும்? எம் பகுதிக்கு வடமேற்கே, கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு முதலானோர் பழங் கற்கருவிகளைக் கண்டனர். அவற்றுட் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு கணித்தது. கை செய்த கருவி கிடைத்தது. செய்தவரின் தலையோ அங்குக் கிடைக்கவில்லை. தமிழகத்துப் பழந்தலைகளைக் காணப் பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்க்கே செல்லல் வேண்டும். அங்குள்ள முதுமக்கட் டாழிகளை அலெக்சாண்டர் இரீ கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தார். அவ்வூர் மண்டையோடுகளைப் பற்றிச் சோலி சுக்கர்மன் எழுதிய ஆராய்ச்சி 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது.

பற்களின் தேய்வும் எலும்புப் பொருத்துகளின் மூடலும் வயதை ஒருவாறு காட்டும்; பின்னது தனித்து நம்பத்தக்கதன்று. புருவமேட்டின் தடிப்பும் செவியின் பின்னுள்ள முனையின் பருமையும் ஆண் பெண் வேற்றுமையைப் பெரும்பான்மை உணர்த்தும். அக்காலத்து அறிஞரோ இவ்வளவில் நில்லாது, எந்த இனத்தின் தலை என்று வினவினர். தலையின் அகலத்தை நூறாற் பெருக்கி நீளத்தால் வகுத்து வரும் எண்ணே அவர்தம் அளவுகோல். 180 மில்லிமீட்டர் நீளமும் 135 அகலமும் உடைய தலைக்கு எண் 75. அது நெடுந்தலை வகுப்பின் எல்லையாம். இறந்தோரை மட்டுமோ அளந்தனர்? 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் உயிருள்ள மக்களின் தலையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்து, 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தம் நூலிற் பதித்தார். அதிலுள்ள தொழில், சடங்கு, வழக்காறு பற்றிய செய்திகளுக்காக இன்றும் அந்நூலைப் புரட்டுகின்றோம். ஆயினும் நம் முன்னோர் ஒருவரின் மூக்கிலே கருவியை வைத்து, அதனால் அவர் எத்தரத்தினர் எனத் துணிந்த முறையை எண்ணுங்கால் நெஞ்சம் கூசுகின்றது.

அம்முறை இழிவானது மட்டுமன்று, பிழையானதுமாம். அமெரிக்காவிற் குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தலையளவு பெற்றோரினின்றும் மாறுபட்டதை பிரான்சு போவாசு 1912-இல் எடுத்துக்காட்டினார். குழவியை எப்போதும் ஒரே பக்கமாகக் கிடத்தினும் ஓட்டின் உரு மாறும். ஓரூராருள்ளேயே நெடுந்தலையரும் குறுந்தலையரும் உளர். மக்களைப் பெட்டியிலிட்டுப் பூட்டுவதற்கு இவ்வெண் உதவாது என்பதே இன்றைய அறிஞர் கொள்கை.

2025-இல், கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகைத் தாழிகளிற் கிடைத்த மண்டையோடுகள் இரண்டனைக் கொண்டு, இங்கிலாந்தின் இலிவர்பூல் ஜான் மூர்சு பல்கலைக்கழகத்தார் அவர்தம் முகங்களைக் கணினியில் உருவாக்கினர். படங்களைக் கண்டு ஊரே வியந்தது, யாமும் வியந்தோம். கண்குழியின் இடம், கன்னத்தின் எடுப்பு, தாடையின் அகலம் ஆகியவை எலும்பு தந்தவை. மூக்கின் நுனியும் செவிமடலும் குருத்தாதலின் மண்ணோடு மண்ணாயின. தோலின் நிறமும் மயிரின் வகையும் எலும்பிற் பதிவதில்லை. அவற்றை இக்காலத்தாரைப் பார்த்து வரைந்தனர். அவர் பேசிய மொழியும், அவரை ஊரார் அழைத்த பெயரும் அப்படத்தில் இல்லை.