அங்கோருக்குக் கிளம்புமுன் இறக்கிவைக்க வேண்டியவை

கல்லூரி நாளிலிருந்து ஒன்றாகச் சுற்றும் நாங்கள் நால்வரும் கம்போடியாவுக்குப் போகிறோம் என்றதும் உறவினர் ஒருவர் சொன்னார்: "நம்ம சோழன் கட்டின கோயிலப் பார்க்கப் போறீங்க, நல்லா போட்டோ எடுத்துட்டு வாங்கப்பா." அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களில் அதே சேதி வந்துவிட்டது. எங்களில் இரண்டு பேர் அதை நம்பியபடியே விமானம் ஏறினார்கள். அங்கே ஆறு நாள் நடந்து பார்த்ததையும், போகுமுன்னும் வந்த பின்னும் படித்ததையும் வைத்து, இனிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன்."

இல்லை. கட்டியவன் கம்போடியாவின் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். 1113இல் அரியணை ஏறியவன். பெயர் 'வர்மன்' என்று முடிவதால் அவனைப் பல்லவனாக்கிவிடுகிறார்கள். ஆனால் அது சமஸ்கிருதப் பட்டம். இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா அரசர்களும், ஜாவா, போர்னியோ அரசர்களும் அதைச் சூடிக்கொண்டவர்களே.

அவனை நேரிலேயே பார்க்கலாம். தெற்குத் திருச்சுற்றின் மேற்குப் பாதிக்குப் போங்கள். நீண்ட புடைப்புச் சிற்ப வரிசையில், குடைகளும் விசிறிகளும் சூழ, மேடை மேல் ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான். பக்கத்தில் பொடி எழுத்தில் 'பரமவிஷ்ணுலோக' என்ற அவனுடைய பெயர், இறந்த பின் வழங்கியது, வெட்டப்பட்டிருக்கிறது. அடுத்து யானை மேல் வரும் படைத்தலைவர்களுக்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள், கெமர் மொழியில். கட்டியவர்கள் இவ்வளவு தெளிவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கோயில் உலகத்தில் அதிகம் இல்லை.

கட்டடமும் அதையே சொல்கிறது. மலைபோல் படிப்படியாக உயர்ந்து உச்சியில் கருவறை வைக்கும் கெமர் முறை ஒரே நாளில் வந்ததல்ல. பகோங் என்ற மலைக்கோயில் 881ஆம் ஆண்டுக்குரியது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985இல்தான். பகோங்கிலிருந்து ப்ரே ரூப், தா கியோ, பாபுவோன் என்று இருநூறு ஆண்டுக்கு மேல் கைபழகி வந்த கல்தச்சர்கள் கடைசியில் எட்டிய உயரம் அங்கோர் வாட். முதல் நாளே அங்கோர் வாட்டுக்கு ஓடாமல் பகோங்கில் தொடங்குங்கள். யாரும் விளக்காமலே இது கண்ணுக்குப் புரியும்.

தமிழ்த் தொடர்பே கிடையாதா? இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. ஆண்டு குறிப்பிட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு 611ஆம் ஆண்டுக்குரியது. காம்போஜ, அதாவது கம்போடிய, அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் இருக்கிறது. நட்பு நாடி அரசர்கள் அனுப்பும் பரிசு அது. அதை வைத்து ஆட்சி செய்ததாகச் சொல்ல முடியாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப்பட்டது பந்தியாய் ஸ்ரேயில் இருக்கிறது. 967இல் குடமுழுக்குக் கண்ட சிறிய சிவன் கோயில். கட்டியவர் அரசர்கூட இல்லை. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். சிவந்த மணற்கல்லில் மரச்செதுக்கு வேலைபோல இழைத்திருக்கிறார்கள். கிழக்கு வாயில் ஒன்றின் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாய், மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். காலை ஏழரை மணி, சாய்வெயில் அந்த முகப்பில் விழுந்தபோது கழுத்தெலும்பின் குழிகூடத் தெரிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு நாற்பது ஆண்டு முன்பே, ஒரு படைகூடத் துணைக்கு வராமல், காரைக்காலைச் சேர்ந்த ஒருத்தியின் கதை அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது போதாதா நமக்கு? இன்னொருவர் உழைப்பைப் பறித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது?

"காட்டுக்குள் தொலைந்து கிடந்ததைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார்."

அந்தப் பிரெஞ்சுக்காரர் ஹென்றி முவோ 1860இல் வந்தார். அவர் இறந்த பிறகு வெளியான பயணக் குறிப்புகள் ஐரோப்பாவில் அங்கோரைப் பிரபலமாக்கின, அவ்வளவுதான். போர்த்துகீசியத் துறவி ஒருவர் 1586லேயே வந்து பார்த்திருக்கிறார். அங்கோர் வாட்டுக்குள் 'ஆயிரம் புத்தர்' மண்டபத்தில் ஒரு தூணில் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்து மங்கலாகத் தெரியும். 1632இல் கடல் கடந்து வந்த உகொண்டாயு என்பவர், பெற்றோருக்காக வேண்டிக்கொண்டு நான்கு புத்தர் சிலைகளைக் காணிக்கை வைத்ததை எழுதிப்போன இடம் அது. புத்தர் வாழ்ந்த ஜேதவனம் இதுதான் என்று அந்தக் கால ஜப்பானியர் நம்பினார்கள். உள்ளூர்க்காரர்களைப் பொறுத்தவரை அங்கோர் வாட் தொலையவே இல்லை. தலைநகரம் தெற்கே போன பிறகும் துறவிகள் அங்கேயே இருந்து விளக்கேற்றினார்கள்.

தா ப்ரோம் கோயிலில் சுவரைக் கவ்வி நிற்கும் வேர்களைப் பார்த்துவிட்டு எல்லாமே இப்படித்தான் கிடந்தது என்று எண்ணுகிறோம். அதை மரங்களோடு விட்டுவைப்பது என்பது பிரெஞ்சு ஆய்வாளர்கள் யோசித்து எடுத்த முடிவு.

"அது வெறும் சுற்றுலாத் தலம், வழிபாடு நின்று போய்விட்டது."

அங்கோர் வாட்டின் மேற்கு வாயில் மண்டபத்தில் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார், காவித் துணி சுற்றி. ஊர்க்காரர்கள் அவரைத் 'தா ரீச்' என்கிறார்கள். 'தா' என்றால் கெமரில் தாத்தா. 'ரீச்' என்பது ராஜ. பாட்டி ஒருத்தி ஊதுபத்தியைக் கொளுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பேரனின் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் கும்பிடச் சொன்னாள். நம் ஊர் முனீஸ்வரன் கோயிலில் நடப்பது அப்படியே. அந்த நேரத்தில் குறுக்கே நின்று செல்பி எடுத்த கூட்டத்தில் தமிழும் கேட்டது, வருத்தமாக இருந்தது. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். இல்லையென்றால் உச்சி அடுக்குக்கு ஏறவிட மாட்டார்கள். பௌத்தப் புனித நாட்களில் அந்த அடுக்கே மூடியிருக்கும். நாள் பார்த்துப் போங்கள்.

"ஒரு நாள் போதும்."

போதாது. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நான்கு பேர் சேர்ந்து போவதில் உள்ள சிக்கலுக்கு இதுதான் மருந்து. எங்களில் ஒருவனுக்கு மதியத்துக்கு மேல் கால் ஓடாது. ஒருத்தி ஒரே சுவரின் முன் இரண்டு மணி நேரம் நிற்பாள். இடையில் ஒரு நாள் விட்டு, அவரவர் போக்கில் போனதால் சண்டை வரவில்லை.

"பாங்காக்கில் பஸ் ஏறினால் எல்லை தாண்டிவிடலாம்."

பழைய பயணக் கட்டுரைகளை நம்பிக் கிளம்பாதீர்கள். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் மோதல் மூண்டு நில எல்லைகள் மூடப்பட்டன. அன்றன்றைய நிலவரம் தெரியாமல் தரைவழியைத் திட்டமிட வேண்டாம். எந்த வழியாகப் போனாலும், கையில் எடுத்துப்போகும் டாலர் நோட்டு ஓரம் கிழியாமல் இருக்கட்டும். சிறு கிழிசலுக்காக எங்கள் இருபது டாலரை மூன்று கடைகளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அநாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருப்பது புண்ணியம்."

நல்ல மனசோடுதான் போகிறார்கள், தெரியும். எங்களிடமும் ஒருவர் அட்டை நீட்டினார், பிள்ளைகள் நடனமாடுவார்கள் என்றார். ஆனால் கம்போடியாவில் அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதை, யூனிசெப்பும் அந்நாட்டு அரசும் எப்போதோ வெளிக்கொண்டு வந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர் பணம் வரவர இல்லங்கள் பெருகின. இல்லங்களை நிரப்ப ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் சிறுமியிடம் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு அட்டையும், அவள் நாளைக்கும் பள்ளிக்குப் போகாமல் அங்கே நிற்க ஒரு காரணம். கொடுக்காமல் நடப்பது கஷ்டம்தான். நடந்துதான் ஆக வேண்டும். பிஸ்கட் கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் பட்டம்பாங்கில் தொடங்கியது ஃபாரே பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளி. அங்கே படித்தவர்கள் அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியம் ரீப்பில் இரவுதோறும் சர்க்கஸ் நடத்துகிறார்கள். மிருகங்கள் கிடையாது, உடம்பும் தாளமும் கதையும் மட்டும். வருமானத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்கே போகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நாங்கள் போன அன்று இடமில்லாமல் வாசலோடு ஒரு கூட்டம் திரும்பிப் போயிற்று.